நீர்வர்ணச் சித்திரம்: தாளும் தண்ணீரும்

(சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று எமக்குத் தரப்பட்ட விஷயம் நீர்வர்ணச் சித்திரம். சித்திரக் கலையின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது சுலபம். கேட்பவர்களும் தலையசைத்துவிட்டுப் போவார்கள். அதை விடுத்து, எந்தத் தாளை வாங்குவது, எந்தத் தூரிகையை வாங்குவது, வாங்கியவற்றைக் கொண்டு எப்படிச் செய்து பார்ப்பது என்னும் கடைத்தெரு விஷயங்களையே பேசத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

எமது பகுதியில் சித்திரம் வரையும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பத்து வயதிலே லயத்துச் சுவரில் கரித்துண்டால் புகையிரதத்தைப் பெட்டி பெட்டியாக வரைந்து, புகையும் விட்டுக் காட்டுகிற பிள்ளை, பதினான்கு வயதிலே “எனக்குக் கை வராது” என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. இடையில் என்ன நடந்தது? ஒரு பன்னிரண்டு வர்ணப் பெட்டியும் ஒரு சித்திரக் கொப்பியும் வீட்டுக்கு வந்தன. பிள்ளை ஆசையோடு தண்ணீர் தொட்டு வானம் தீட்டியது. தாள் நனைந்ததும் மேடும் பள்ளமுமாகச் சுருண்டது. வர்ணம் பள்ளத்தில் தேங்கிப் பொட்டுப் பொட்டாய்க் காய்ந்தது. சரிப்படுத்தலாம் என்று மறுபடி தேய்த்தபோது தாளின் மேல்தோல் உரிந்து நூல் நூலாய் எழுந்தது. கெட்டது தாள், பழி விழுந்தது கையின் மேல். இந்த அநியாயத்தைத் தடுப்பதற்கே இத்தனை பேச்சும்.

முதலில், நீர்வர்ணம் என்பது யாது? நிறத்தூளைப் பிசினோடு அரைத்துச் செய்த பொருள். அந்தப் பிசின் வேல மர இனத்திலிருந்து எடுப்பது. அரபுப் பிசின் என்பர். காய்ந்து இறுகாமல் இருக்கத் தேனோ கிளிசரினோ சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டதும் பிசின் கரைந்து நிறத்தூளைச் சுமந்து செல்கிறது. தண்ணீர் ஆவியாய்ப் போன பின்பு பிசின் அந்தத் தூளைத் தாளோடு பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். இதிலே வெள்ளை வர்ணத்துக்கு வேலையில்லை. வெள்ளை என்பது தாளேதான். நிறத்தின் ஊடாக வெளிச்சம் புகுந்து, தாளிலே பட்டுத் திரும்பி எம் கண்ணுக்கு வருகிறது. போஸ்டர் வர்ணத்தைப் பூசுவது போல இதனையும் தடிப்பாய்ப் பூசி, வெள்ளையைக் குழைத்துச் சேர்ப்போமானால் அந்த வெளிச்சம் அடைபட்டுப் போகும்.

எம்மவர் பேச்சிலே பால் சேராத தேநீருக்குச் சாயத்தண்ணி என்று பெயர். அந்தப் பெயரே நீர்வர்ணத்துக்கு நல்ல விளக்கம். வெள்ளைக் கோப்பையில் சாயத்தண்ணியை ஊற்றிப் பாருங்கள். கொஞ்சமாய் இருக்கும்போது பொன்னிறம். நிரம்ப நிரம்பச் செம்பழுப்பு. சாயம் ஒன்றுதான், ஆழம் வேறு. அதிலே பாலை ஊற்றியதும் கோப்பையின் அடி மறைந்துவிடுகிறது. நீர்வர்ணத்திலே வெள்ளையைச் சேர்ப்பதும் அதுவே.

தாளே வெளிச்சம் என்றபடியால், கையில் இருக்கும் காசை முதலில் தாளுக்கே செலவிட வேண்டும். இது எமது முடிந்த அபிப்பிராயம். நம் வீடுகளிலோ ஒழுங்கு நேர்மாறாய் நடக்கிறது. இருபத்துநான்கு நிறம் உள்ள பெட்டியைக் கண்டால் பெற்றோர் மனம் குளிர்ந்துவிடும். தாள் என்றால், “கொப்பி இருக்கிறதே” என்பார்கள்.

பிரதி எடுக்கும் சாதாரணத் தாள் சதுர மீட்டர் ஒன்றுக்கு 70 அல்லது 80 கிராம் நிறை. நீர்வர்ணத்துக்கென்று செய்த தாள் பெரும்பாலும் 300 கிராம். அதிலும் தடித்தது 640 கிராம் வரை உண்டு. நிறை கூடக்கூடச் சுருளும் குணம் குறையும். நிறை மட்டும் போதாது; தாள் எதனால் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பருத்தி நாரால் செய்த தாள் தண்ணீரையும் தேய்ப்பையும் தாங்கும்; ஆண்டுகள் பல சென்றாலும் மஞ்சளாகாது. மரக்கூழ்த் தாள் மலிவு. பயிற்சிக்கு அது போதும். இவற்றுக்கு மேலாக, ஜெலற்றின் போன்ற ஒரு பசையைத் தாளிலே ஏற்றியிருப்பார்கள். தண்ணீரை உடனே உறிஞ்சிவிடாமல் மேலே நிறுத்தி வைப்பது அந்தப் பசைதான். கடையிலே ஒரு துண்டு கேட்டு வாங்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு மணியாக நின்றால் நல்லது. ஒற்றுத்தாள் போல உடனே குடித்துவிட்டால் அந்தத் தாள் வேண்டாம்.

தாளின் முகம் மூன்று விதம்: சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கியது, குளிரில் அழுத்தி இலேசான சொரசொரப்போடு விட்டது, அழுத்தாமல் கரடாக விட்டது. புதிதாய்த் தொடங்குபவர்களுக்கு நடுவிலுள்ளது ஏற்றது. பூ, பூச்சி முதலியவற்றை நுணுக்கமாய் வரைபவர்களுக்கு வழவழப்பானது உதவும்.

நல்ல தாள் விலை கூடியது என்பதை நாம் அறியாமல் பேசவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அச்சிடத் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்ட நாடு இது. அந்த ஆண்டிலே ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் வெளிநாட்டுத் தாளின் விலையைக் கேட்கவே பயம். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். முழுத்தாள் ஒன்று 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினொன்றுக்கு ஏழரை அங்குலம். இரு பக்கமும் தீட்டலாம். எட்டு வாலிபர் சேர்ந்து ஒரு தாள் வாங்கினால் ஆளுக்கு இரண்டு சித்திரம். கொழும்புக்குப் போய்வருகிறவர் ஒருவரிடம் சங்கம் ஐந்து தாளுக்குச் சொல்லிவிடுவது பெரிய காரியம் அல்ல. பொருளாளர் அவர்கள் சிரிக்கிறார். அதனைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

மெல்லிய தாள்தான் கிடைக்கிறது என்றால் அதற்கும் வழியுண்டு. தாளை நீரில் நனைத்து, ஒரு பலகையிலே விரித்து, நான்கு ஓரத்தையும் அரை அங்குல அகலத்துக்கு மாப்பசையால் ஒட்டிவிடுங்கள். பட்டம் ஒட்டுகிற அதே கோதுமைமாப் பசை போதும். காயும்போது தாள் சுருங்கி மேளத்தோல் போல இறுகும். பிறகு தீட்டினால் அவ்வளவாய்ச் சுருளாது. முன்பு தேயிலை அனுப்பிய பெட்டிகளின் ஒட்டுப்பலகை எந்த வீட்டிலாவது எஞ்சியிருந்தால் அது இதற்கு மிகவும் உகந்தது. இன்னொன்று: காம்பராச் சுவரில் ஈரம் ஊறும் மாதங்களில் தாளைச் சுவரோரம் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் தாளிலுள்ள பசை அங்கங்கே கெட்டுவிடும். பின்னர் தீட்டும்போது அந்த இடங்கள் மட்டும் வர்ணத்தைக் குடித்துக் கறையாய்க் காட்டும். பொலித்தீன் உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள்.

தூரிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைபீரியப் பிராணி ஒன்றின் வால்மயிரால் செய்ததே உயர்ந்தது என்பார்கள். அதன் விலையும் உயர்ந்தது. இக்காலத்தில் நைலோன் போன்ற செயற்கை இழையால் செய்தவை எமக்குப் போதுமானவை. எட்டாம் இலக்க வட்டத் தூரிகை ஒன்று, வானமும் மலையும் தீட்ட ஓர் அகலத் தூரிகை ஒன்று, ஆக இரண்டு. வாங்குமுன் தண்ணீரில் தோய்த்து உதறிப் பாருங்கள். நுனி ஊசிபோலக் கூடவேண்டும். இரண்டு முனையாய்ப் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூரிகையைத் தண்ணீர்க் கோப்பையில் தலைகீழாய் நிறுத்தி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கடையே இல்லாத காலத்தில் இந்நாட்டுச் சித்திரக்காரர் என்ன செய்தனர்? கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே அதனை எழுதி வைத்திருக்கிறார். ஒருவகைப் புல்லின் கூர்களாலும், அணில் மயிராலும், பூனை மயிராலும் நுண்ணிய தூரிகை கட்டினார்கள். தாழையின் விழுதைத் தட்டிப் பெரிய தூரிகை செய்தார்கள். மஞ்சளுக்குக் கோகட்டு மரத்தின் பால், கறுப்புக்கு விளக்குக் கரி, வெள்ளைக்கு வெண்களிமண். அவர்கள் விகாரைச் சுவரிலே தீட்டினார்கள். எமது வேலை தாளிலே. ஆயினும், தூரிகை கட்டத் தெரிந்தவன் தூரிகைக்காகக் காத்திருக்க மாட்டான் என்பது விளங்குகிறதல்லவா?

இனி வர்ணம். இருபத்துநான்கு நிறம் வேண்டாம், ஐந்து போதும். எலுமிச்சை மஞ்சள் ஒன்று, மண்மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, அல்ட்ரமரீன் நீலம், பேர்ண்ட் சியன்னா என்னும் செம்மண் பழுப்பு. மேலும் ஒன்று வாங்க முடிந்தால் பிரஷ்ய நீலம். அல்ட்ரமரீன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையிலே வெட்டிய நீல நிறக் கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. ஐரோப்பாவில் அதற்குத் தங்கத்தின் விலை இருந்தது. பிற்காலத்தில் பிரான்சிலே கிமே என்பவர் அதனைச் செயற்கையாய்ச் செய்யும் வழி கண்டார். இன்று ஒரு பிள்ளையின் பெட்டியிலே அரசருக்கும் அரிதாயிருந்த நீலம் கிடக்கிறது.

பெட்டியிலுள்ள பச்சையை நம்பித் தேயிலை மலையைத் தீட்டுகிறவர்கள், அது தேயிலையாய் இல்லாமல் கடைப் பச்சையாகவே இருப்பதைக் காண்பார்கள். எமது மலையை நன்றாய்ப் பாருங்கள். கொழுந்து மஞ்சட் பச்சை. முற்றிய இலை கறுப்பை அண்டிய பச்சை. கவ்வாத்து வெட்டிய மலை சாம்பலும் செம்மண்ணும் கலந்தது. தூரத்து மலை பச்சையே அல்ல, நீலம். பிரஷ்ய நீலத்தோடு எலுமிச்சை மஞ்சள் சேர்ந்தால் கொழுந்து வரும். அல்ட்ரமரீனோடு மண்மஞ்சள் சேர்த்துப் பழுப்பைக் கொஞ்சம் தொட்டால் முற்றிய இலை வரும். கொழுந்து கிள்ளும் தாய்மாருக்கு இந்தப் பச்சைகளின் பேதம் எந்தச் சித்திர ஆசிரியருக்கும் மேலாய்த் தெரியும். பிள்ளைகள் அவர்களைக் கேட்டுக் கலக்கட்டும்.

அல்ட்ரமரீனையும் செம்மண் பழுப்பையும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் உண்டாகும். அல்ட்ரமரீனின் தூள் திரளும் குணமுள்ளது. கரடுத் தாளின் குழிகளிலே படிந்து மணல் மணலாய்க் காயும். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைத் தீட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடையாது. உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் முடித்த பாலம் அது. அதன் கல்முகத்தைக் கோடு கோடாய் வரைய வேண்டியதில்லை. வர்ணம் தானே படிந்து கல்லாகிவிடும்.

வர்ணம் வெளுக்குமா என்பதையும் சோதித்தறியலாம். ஒரு துண்டிலே எல்லா நிறத்தையும் பட்டையாய்த் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மறைத்து, வெயில் படும் யன்னலில் மூன்று நான்கு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் எந்த நிறம் நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். மஞ்சளைக் கரைத்துத் தீட்டலாமே என்று ஒருவர் கேட்டார். தீட்டலாம், அழகாயும் இருக்கும். வெயிலில் வைத்தால் விரைவில் போய்விடும்.

இப்பொழுது செய்து பார்த்தல் என்னும் பகுதிக்கு வருகிறோம். நாம் மிக விரும்புவது இதுவே. செய்து பார்த்தல் என்றால் மனம்போனபடி வர்ணத்தைக் கொட்டுவதல்ல. ஒரு தடவைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றி, என்ன நடந்தது என்று தாளின் பின்புறத்தில் குறித்து வைத்தல். என்ன தாள், எவ்வளவு தண்ணீர், வெயிலா மழையா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வெயிலா மழையா என்று கேட்பது விளையாட்டுக்கல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் அப்பக்கத்திலே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்கு வறண்ட காற்றாய் இறங்கி வருகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தீட்டினால் வர்ணம் தூரிகையின் பின்னாலேயே காய்ந்துகொண்டு வரும். வானத்தைத் தீட்டி முடிக்குமுன் நடுவில் கோடு விழும். அக்காலத்தில் தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் மூடுபனியும். அப்போது ஒரு பூச்சுக் காய அரை மணியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவசரக்காரர் அடுப்படியில் காட்டுகிறார்கள். புகை படும், தாள் வளையும். அதனிலும் அந்த மாதங்களில் ஈரத்தின்மேல் ஈரம் தீட்டும் முறையைப் பழகுவது மேல். வேற்றூரார் புத்தகத்தைப் பார்த்துப் பனியை வரையப் படிக்கிறார்கள். எமக்கோ பனி இஸ்தோப்புக்கே வந்து நிற்கிறது.

ஈரத்தாளில் தீட்டுவதற்கு நேரமே உயிர். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல் மினுங்கினால் வர்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும், வானத்துக்கு ஆகும். மினுக்கம் மங்கிப் பட்டுத்துணி போலத் தெரியும்போது தீட்டினால் ஓரம் மிருதுவாய் நிற்கும். பனிக்குள் மறையும் சவுக்கு மரங்களுக்கு அதுவே தருணம். மினுக்கம் முழுதும் போய், புறங்கையை வைத்தால் இன்னும் குளிர்ச்சி தெரிகிறதா? அப்போது தொடவே கூடாது. அந்த நிலையில் தண்ணீர் நிறைந்த தூரிகை பட்டால், நீர் புகுந்து நிறத்தூளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பூக்கோவா போன்ற கறையை உண்டாக்கும். அப்படி விழுந்த கறையும் சில வேளை நல்ல முகிலாய் அமைவதுண்டு. எப்படி விழுந்தது என்று குறித்து வைத்தவர்தான் வேண்டியபோது மறுபடி விழச் செய்வார்.

பழகுவதற்கு வர்ணம் கூடத் தேவையில்லை. கடுஞ்சாயமாய்த் தேயிலையைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் ஒரு பங்கை அப்படியே வைத்து, ஒரு பங்குக்குச் சமமாய்த் தண்ணீர், இன்னொரு பங்குக்கு நான்கு மடங்கு தண்ணீர். மூன்று கோப்பை, மூன்று ஆழம். இவற்றை மட்டும் கொண்டு லயமும் மலையும் வானமும் தீட்டிப் பாருங்கள். பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, மேலே ஒரு வரி இழுத்தால் அதன் கீழோரத்தில் நீர் ஒரு மணிக்கோவையாய்த் தேங்கும். அடுத்த வரி அந்த மணியைத் தொட்டு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். மணி அறுந்தால் கோடு விழும். மார்கழியில் விரலிடுக்கால் மாவை அளவாய் விட்டுக் கோலம் போடுகிற சகோதரிகளுக்கு இது ஒரே நாளில் வரும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. வாலிபர்களுக்கு ஒரு வாரம் ஆகலாம்! தேயிலைச் சாயம் காலத்தில் வெளுக்கும், பயிற்சிக்கு அதனாலென்ன?

வெள்ளையைக் காப்பாற்றுவதற்கும் பல உபாயங்கள் உண்டு. மெழுகுதிரியால் தாளில் தேய்த்த இடத்தில் வர்ணம் ஒட்டாது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் வெண்திவலைகளுக்கு இது நன்றாய் உதவும். ஈரப் பூச்சின்மேல் உப்பைத் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாய் வெளுக்கும். முதல் தரம் பார்க்க வேடிக்கை. பத்துச் சித்திரத்திலும் அதையே கண்டால் அலுப்பு. கத்தி நுனியால் சுரண்டி வெள்ளையை எடுப்பது பழைய முறை. 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்த அயர்லாந்துக்காரர் அன்றூ நிக்கல் அதிலே கைதேர்ந்தவர். காட்டுப் பூக்களின் வெள்ளையை அப்படித்தான் எடுத்தார். 1848இல் டென்னன்ட் துரையோடு இந்நாட்டுக் காடுகளில் பிரயாணம் செய்து, பழைய நகரங்களின் இடிபாடுகளை வரைந்தவரும் அவரே. சுரண்டுவதற்கும் தடித்த தாள் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பேராதனைப் பூந்தோட்டத்திலே 1823 தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்த ஹரமானிஸ் டி அல்விஸ் அவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். ஓர் இலையின் நரம்பும் தப்பாமல் தீட்டிய கை அது. இந்தியாவிலோ, 1903 அளவில் கல்கத்தாவுக்கு வந்த யப்பானியச் சித்திரக்காரர் டைக்கான் முதலியோர் வேலை செய்வதை அவனீந்திரநாத் தாகூர் கவனித்துப் பார்த்தார். அவர் கைக்கொண்ட முறை விசித்திரமானது: தீட்டிய சித்திரத்தை நீரிலே நனைத்து எடுத்துக் காயவிட்டு, மேலே மறுபடி தீட்டி, மறுபடி நனைத்தல். மிஞ்சிய வர்ணம் கழுவிப்போக, தாளுக்குள் ஊறியது மட்டும் மூடுபனி போல் நிற்கும். வங்காளத்திலிருந்து அது இந்தியாவெங்கும் பரவிற்று. பிறர் செய்வதைக் கண்டு, தன் தாளில் தன் நீரில் செய்து பார்த்ததால் கிடைத்தது அது. எமது பீலித் தண்ணீரில் அதனைச் செய்து பார்க்க யார் தடுப்பார்?

கூடிச் செய்வதற்கும் முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்திலே 1938இல் எஸ். ஆர். கனகசபை அவர்கள், முன்னர் இலங்கையின் சித்திர வித்தியாதரிசியாயிருந்த வின்சர் அவர்களின் பெயரால் ஓர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். தனியே வீட்டிலிருந்து தீட்டுகிறவருக்குத் தாள் கெட்டதா கை கெட்டதா என்று சொல்ல ஆளில்லை. நான்கு பேர் ஒரே தாளில் தீட்டினால் உடனே தெரிந்துவிடும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை தீட்டியது நன்றாயில்லை என்றால், “உனக்கு வராது” என்று சொல்லுமுன் தாளைத் தொட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு அடுத்த பிறந்தநாள் வரும்போது பெரிய பெட்டியை விட்டு, நல்ல தாள் இரண்டு வாங்கிக் கொடுங்கள். பரீட்சைக்குச் சித்திர பாடம் எடுக்கிற பிள்ளையாயின் அது செலவென்றே ஆகாது.

பேச்சு நீண்டுவிட்டது. மேசையின்மேல் மூன்று விதத் தாள்களைத் துண்டு துண்டாய் வெட்டி வைத்திருக்கிறோம்: கொப்பித் தாள், மரக்கூழ்த் தாள், பருத்தித் தாள். பெயர் எழுதவில்லை. கோப்பைகளில் தேயிலைச் சாயம் ஆறியிருக்கிறது. அதனை யாரும் குடித்துவிட வேண்டாம். தூரிகை பத்துத்தான் இருக்கின்றபடியால் பத்துப் பத்துப் பேராய் வாருங்கள்; சிறியவர்கள் முதலில். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டு விட்டு, எது எந்தத் தாள் என்று நீங்களே எமக்குச் சொல்லுங்கள்.